கண்ணாடிக்காரருக்குப் பொறாமை போயிருச்சாமே!

ஒரே நாள்ல ரெண்டு அற்புதமாம். ஒண்ணு, தையல்காரம்மாவுக்குக் கண்ணு தெளிஞ்சது. இன்னொண்ணு, கண்ணாடிக் கடைக்காரருக்குப் பொறாமை போனது. முதல் சேதியைக் கேட்டவங்க ஸ்தோத்திரம் சொன்னாங்க. ரெண்டாவதைக் கேட்டவங்க, "யாருக்கு? நம்ம கண்ணாடிக்காரருக்கா?"ன்னு இன்னொரு தடவை கேட்டுக்கிட்டாங்க. கண்ணு தெளியறதெல்லாம் நடக்கும். அந்த மனுஷனுக்கு மச்சினன் மேல இருக்கிற வயித்தெரிச்சல் போறதுங்கிறது லேசுப்பட்ட காரியமா? ஜெபக்கூட்ட மேடையிலேயே மச்சினனைக் கட்டிப்பிடிச்சு ஓன்னு அழுதாராம். சட்டையெல்லாம் நனைஞ்சு போச்சாம். இந்தச் சேதிக்கு உற்பத்தி ஸ்தலம் பக்கத்துக் கடை சலூன்காரர். ஒரு தலையை முடிக்கிறதுக்குள்ள ஒரு ஊர்வம்பை முடிச்சிருவார். ஆனா நடந்தது அது இல்ல. நடந்ததை நடந்தபடி சொல்றேன், கேளுங்க.

உதட்டோரத்துல ரெண்டு குட்டி ஸ்க்ரூவைக் கவ்விக்கிட்டேதான் கண்ணாடிக்காரர் பேசுவார். முழுங்கிருவாரோன்னு எதிர்ல இருக்கிறவங்களுக்குத்தான் தொண்டை அடைக்கும். ஆட்களை அவருக்குப் பேரால தெரியாது, நம்பரால தெரியும். "மைனஸ் நாலு போறாரு பாரு, கூடவே ப்ளஸ் ரெண்டு"ம்பார். யாராவது செத்துப்போனா, "நல்ல மனுஷி, ரெண்டு கண்ணும் ஒரே நம்பர்"னு உச்சுக்கொட்டுவார். கோணலா நிக்கிற கண்ணாடியைப் பார்த்தா அவருக்குக் கை சும்மா இருக்காது. ஒரு ஞாயித்துக்கிழமை சபையில ராப்போஜனத்துல, பாஸ்டர் அப்பத்தை நீட்டினப்போ, பாஸ்டர் மூக்குல இருந்த கண்ணாடியை நிமித்தி வெச்சுட்டுத்தான் கையை ஏந்தினார்.

புதன்கிழமை சாயங்காலம் கடையிலேயே வேதபாடம் நடத்துவார். ஆறேழு பேர் வருவாங்க. இயேசு குருடங்களுக்குக் கண்ணு கொடுத்த கதைன்னா இவரைப் பிடிச்சு நிறுத்த முடியாது. அதுலயும் ரெண்டு தடவை கை வெச்சுக் குணமாக்கின அந்தக் குருடனோட கதை இருக்கே, அது இவரோட சொந்தச் சொத்து மாதிரி. "முதல் தடவை தொட்டுட்டு ஆண்டவர் என்ன பண்ணார்? 'என்ன தெரியுது?'ன்னு கேட்டார். மனுஷங்க மரம் மாதிரி நடக்கிறாங்கன்னான் அவன். சரின்னு மறுபடி கை வெச்சார். அதுதான்யா தொழில் தெரிஞ்சவர் லட்சணம். கேக்கணும்! எடுத்த எடுப்புல எவனுக்கும் நம்பர் சரியா உக்காராது." இதைச் சொல்லி நிறுத்திட்டு, தெருக்கோடியில இருக்கிற பெரிய மண்டபத்துப் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார். "சில பேரு கேக்கிறதே இல்ல."

சில பேருன்னா ஒரே பேர்தான். மச்சினன். சம்சாரத்தோட கூடப்பிறந்த தம்பி. நாலு வருஷம் இதே கடையில வேலை பார்த்தவன். வலது கண்ணு லென்ஸை இடது பக்கம் மாட்டி, ஒரு பெரியவரை ஒரு வாரம் சுவத்துல முட்ட வெச்சவன். ஒருநாள் காலையில வந்து, "அத்தான், ஆண்டவர் என்னை ஊழியத்துக்குக் கூப்பிட்டுட்டார்"னான். "கூப்பிடட்டும். கையில இருக்கிற ஃப்ரேமை முடிச்சுட்டுப் போ"ன்னார் இவர். அவன் முடிக்காமலேயே போயிட்டான். இப்போ அந்த மண்டபத்துல அவன் நடத்துற சுகமளிக்கிற கூட்டத்துக்கு உக்கார இடம் கிடைக்காது. சுகம் கிடைச்சவங்க கண்ணாடியைக் கழட்டி மேடைக்கு முன்னாடி இருக்கிற கூடையில போடணும். அதுதான் அங்க சாட்சி.

இவரோ இருபது வருஷமா உபவாசம் இருக்கிறவர். வேதத்துல எங்க தொட்டாலும் வாய்ப்பாடா சொல்லுவார். ஆனா இவர் கை வெச்சு ஜெபிச்சா தலைவலி கூட நகராது. சபைச் செயலாளரோட பல்வலிக்கு ஒரு தடவை ஜெபிச்சார். மறுநாள் பக்கத்துப் பல்லும் சேர்ந்து வலிச்சுது. "எனக்கு இல்லாம அவனுக்கா?" அவ்வளவுதான் அவர் கேள்வி. ஆண்டவர்கிட்டயே கேட்டாச்சு, பதில் வரல.

ஒருநாள் மச்சினன் கூட்டத்துல கடைசி வரிசையில போய் உக்காந்தார். முடிஞ்சதும் நேரா மேடைகிட்ட போனார். "இந்தக் கூடையை என்ன பண்ணப் போற?"

"இனிமே அது யாருக்குத் தேவைப்படப் போகுது அத்தான்?"

"அப்போ எனக்குக் கொடு."

மச்சினன் சிரிச்சுக்கிட்டே கொடுத்துட்டான். அத்தனையும் இவர் கடையில அரைச்ச லென்ஸு. எது யாரோடதுன்னு வெளிச்சத்துல தூக்கிப் பார்த்தாலே சொல்லிருவார். மறுநாள்லேருந்து கண்ணு சோதிக்கிற எழுத்துப் பலகையைக் கக்கத்துல வெச்சுக்கிட்டு வீடு வீடா கிளம்பினார். கதவைத் திறந்தவங்ககிட்ட ஒரே கேள்வி. "என்ன தெரியுது?"

ஸ்கூல் வேன் டிரைவர் சுவத்துல மாட்டின பலகையை உத்து உத்துப் பார்த்தான். "தெரியுது அண்ணே. விசுவாசத்துல தெரியுது."

"மேல முதல் எழுத்து என்ன?"

"அது... விசுவாசத்துல அவ்வளவு தூரம் போகல."

"அப்போ விசுவாசத்தை மனசுல வெச்சுக்கோ, கண்ணாடியை மூக்குல வெச்சுக்கோ. பிள்ளைங்களை ஏத்திட்டுப் போறவன் நீ."

ஒவ்வொண்ணா திரும்பக் கொடுக்கக் கொடுக்க, இவருக்கு நடையிலேயே ஒரு துள்ளல் வந்திருச்சு. பாட்டை முணுமுணுத்துக்கிட்டே வீட்டுக்கு வந்தார். சம்சாரம் பார்த்தாங்க. "ஏங்க, இத்தனை பேருக்குக் கண்ணு தெரியலைன்னா உங்களுக்கு இவ்வளவு சந்தோஷமா?"ன்னாங்க. பாட்டு நின்னு போச்சு.

கூடையில கடைசியா மிஞ்சினது தையல்காரம்மாவோட கண்ணாடி. ப்ளஸ் மூணு. அது இல்லாம அந்தம்மாவுக்கு ஊசி எது, நூல் எதுன்னே தெரியாது. இவர் போனப்போ மேகம் மூடின சாயங்காலம். கறுப்புத் துணி, கறுப்பு நூல். வெறும் கண்ணோட உக்காந்து ஊசியில நூலைக் கோத்தாங்க. ஒரே தடவை. பலகையில கடைசி வரியைக் கடகடன்னு படிச்சாங்க. மனப்பாடமா இருக்கும்னு பலகையைத் தலைகீழாத் திருப்பினார். அதையும் படிச்சாங்க. பையில இருந்த மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார். அதுல இருந்த பொடி எழுத்தைப் படிச்சுட்டு, "அண்ணே, இது போன வருஷமே காலாவதி. தூக்கிப் போடுங்க"ன்னாங்க.

இவர் அட்டையை வாங்கித் தானும் ஒரு தடவை படிச்சுப் பார்த்தார், சரியாத்தான் இருந்துது. அப்புறம் ஒரு நம்பிக்கை வந்துது. புரை விழ ஆரம்பிச்சா சில பேருக்குக் கிட்டப்பார்வை கொஞ்ச நாள் தெளிவா இருக்கும். தொழில்ல பார்த்திருக்கார். அதுவாத்தான் இருக்கும், ஆண்டவரே அதுவா இருக்கட்டும்னு வழியெல்லாம் ஜெபிச்சுக்கிட்டே கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனார். ஒரு பொம்பளைக்குப் புரை விழணும்னு ஜெபம்! டாக்டர் லைட் அடிச்சுப் பார்த்தார். "பளிங்கு மாதிரி இருக்கு. எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்க?"

அந்தக் கண்ணாடியைக் கல்லா மேசையோட அடி இழுப்பறையில போட்டு மூடினார். யார்கிட்டயும் மூச்சு விடல. தையல்காரம்மா சொன்னா, கூடையில கண்ணாடியைப் போட்டுட்டுத் திரும்ப வாங்கிக்கிட்டவங்க சொன்ன மாதிரிதான்னு ஊர் சிரிக்கும். நம்பர் தெரிஞ்ச இவர் சொன்னாத்தான் எடுபடும். சொன்னா மச்சினன் கொடி பறக்கும். மூணு புதன்கிழமை வேதபாடம் நடக்கல. கேட்டவங்ககிட்ட இடுப்புப் பிடிப்புன்னார்.

சம்சாரம் இழுப்பறையைத் திறந்தாங்க. நடந்ததை ஒண்ணுவிடாம அவர் வாயிலேருந்து பிடுங்கிட்டாங்க. அப்புறம் வேதத்தை எடுத்து முன்னால வெச்சாங்க. "இயேசுவோட சீஷருங்ககிட்ட ஒருத்தன் சீக்காளிப் பிள்ளையைக் கொண்டு வந்தான். அவங்களால குணமாக்க முடியல. அசிங்கமாப் போச்சு. கொஞ்சம் தள்ளிப் படிங்க. வேற எவனோ பிசாசைத் துரத்துறான், அவனால முடியுது. இதே சீஷருங்க போய்த் தடுத்திருக்காங்க. கேட்டா, அவன் நம்ம கூட்டம் இல்லையாம். என்ன சாக்கு பார்த்தீங்களா?"

இவர் படிச்சார். ரெண்டு கதையும் ஒரே அதிகாரத்துல இருந்துது. இருபது வருஷமா ரெண்டையும் தனித்தனியாத்தான் பாடம் நடத்தியிருக்கார்.

"நான் எங்கடி தடுத்தேன்? சும்மாதானே இருக்கேன்."

"தெரிஞ்சவர் வாயை மூடிட்டு இருக்கிறதுக்கு வேற என்ன பேரு?"

விரலை வெச்சு அந்த வசனத்தை இன்னொரு தடவை படிச்சார். "தடுக்காதீங்கன்னுதான் ஆண்டவர் சொல்லியிருக்கார். அவனைப் பிடிக்கணும்னு சொல்லல"ன்னார்.

"பிடிக்க வேண்டாம். போய்ச் சொல்லுங்க."

அடுத்த கூட்டத்துல மேடையேறி மைக்கைக் கேட்டு வாங்கினார். "அன்னிக்குக் கூடையில கண்ணாடி போட்டவங்கள்ல ஒருத்தரைத் தவிர யாருக்கும் கண்ணு தெளியல. கூச்சப்படாம போட்டுக்கோங்க. ஆண்டவர் கோவிச்சுக்க மாட்டார். தையல்காரம்மாவுக்குத் தெளிஞ்சிருக்கு. நிஜம். நான் சோதிச்சேன், டாக்டரும் சோதிச்சார். அவங்களுக்கு இப்போ நம்பரே இல்ல." வேன் டிரைவர் சட்டைப் பையிலேருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கிட்டான். மச்சினன்தான் மைக்கைப் பிடுங்கினான். "என் அத்தானோட பொறாமையையும் ஆண்டவர் இன்னிக்கு எடுத்துப்போட்டார்!"னு இவரைக் கட்டிக்கிட்டான். மண்டபமே எழுந்து கைதட்டுச்சு. நட்டு வெச்ச கம்பம் மாதிரி நின்னார் இவர்.

மறுநாள் காலையில கடை திறக்கிறதுக்குள்ள சலூன்காரர் வந்து நின்னார். "அண்ணே, பொறாமை போயிருச்சாமே! ஊரே பேசுது."

"யாருய்யா சொன்னா? வர்ற வழியில அவன் போஸ்டரைப் பார்த்தேன், இந்த நிமிஷம் வரைக்கும் எரியுது. கட்டிப்பிடிச்சது அவன். அழுததும் அவன்தான். நனைஞ்ச சட்டை மட்டும்தான் என்னுது. அந்தம்மாவுக்குக் குணமாச்சு, எனக்கு ஆகல. பரப்புறதுதான் பரப்புற, அதைச் சரியாப் பரப்பு."