கம்பி இல்லை என்று சொன்னேன்

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு பங்குனி மாதக் காலை. அச்சுவேலிச் சந்தைக்குக் கிட்ட, மரம் அரிந்து கொடுக்கிற ஒரு சிறிய மரக்காலையில் இது நடந்தது. றோட்டோர வேம்புகள் எல்லாம் பூத்திருந்தன. அந்தக் கசந்த வாசம் சைக்கிளோடு கூடவே வந்தது. எனக்கு முன்னால் மாட்டு வண்டிலில் என் வேம்பு பலகைகளாகப் போய்க்கொண்டிருந்தது. 'என் வேம்பு' என்று எழுத இன்றைக்கும் கை கூசுகிறது.

அந்த மரம் எங்கள் வளவுக்கும் பெரியப்பா மகன் அண்ணையுடைய வளவுக்கும் நடுவில், வேலியிலேயே நின்றது. எனக்குப் பதினெட்டு வயதாக இருந்தபோது நானும் அவருமாகத்தான் அதில் முட்கம்பி அடித்தோம். அவர் கம்பியை இழுத்துப் பிடித்தார், நான் ஆணி அடித்தேன். சில வருடத்தில் கம்பி துருப்பிடித்தது. இரண்டு பக்கமும் வெட்டி எடுத்துவிட்டு ஓலை வேலி அடைத்தோம். மரத்தோடு ஒட்டிக் கிடந்த துண்டை மட்டும் விட்டுவிட்டோம். வேம்பு அதை மெல்ல மெல்ல விழுங்கியது. பட்டை மூடியது. பார்த்தால் ஒன்றும் தெரியாது.

பிறகு என் தங்கைக்குக் கல்யாணம் பொருந்தி வந்தது. சீதன வீடு பாதியில் நின்றது. கதவுக்கும் நிலைக்கும் மரம் வேண்டும். வேம்பைத் தறிக்கப் போகிறேன் என்றதும் அண்ணை, "பாதி எனக்கு" என்றார். கம்பி அடித்த மரம் எல்லை மரம், எல்லை மரம் இருவருக்கும் பொது. ஊரில் அதுதான் நியாயம். எனக்கோ முழு மரமும் தேவைப்பட்டது. கம்பி மரத்துக்கு அப்பால் ஓடியது, மரம் என் காணிக்குள் நின்றது என்று சாதித்தேன். ஊர் வழக்குத் தீர்க்கிற விதானையார் வந்து மரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பட்டை சுத்தமாக இருந்தது. "நீங்கள் சொல்லுங்கோ மாஸ்டர்" என்றார். நான் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவன். என் சொல்லுக்கு ஊரில் ஒரு எடை இருந்தது.

"இந்த மரத்திலை கம்பி அடிச்சதே இல்லை" என்றேன்.

மரம் எனக்கு வந்தது. அண்ணை என்னோடு கதைப்பதை விட்டார்.

தைப்பொங்கல் கழிந்து மரத்தைத் தறித்து, பெரிய ஆலையொன்றில் பலகைகளாகக் கீறுவித்தேன். அன்றைக்கு வாளின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நின்றேன். வாள் கம்பியைத் தொடாமல் போனது. கடவுள் என் பக்கம் என்று நினைத்தேன். எவ்வளவு கேவலமான நினைப்பு! ஒரு பலகையின் ஓரத்தில் மட்டும், ஆறின காயம் போல, சிறிய தடிப்பு ஒன்று இருந்தது. கண்டேன். இனி அதை நிலைக்கு அளவாக அரிய வேண்டும். அந்தப் பலகை இல்லாவிட்டால் ஒரு நிலைக்கு மரம் போதாது. வாள் போகும் கோடு வேறு, கம்பி கிடக்கும் இடம் வேறு என்று எனக்கு நானே சொல்லி, அதை மற்றப் பலகைகளுக்கு அடியில் போட்டு ஏற்றினேன்.

மரக்காலையில் வட்டவாள் மேசையில் நின்றவருக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். அவரைப் போல வேலை செய்கிற ஒருவரை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. சாரத்தை இறுக்கி மடித்துக் கட்டுவார். மோதிரத்தைக் கழற்றிக் கொடியில் கொழுவுவார். வாளின் பல் பலகைக்கு மேலே ஒரு நகத்தளவுதான் தெரிய வேண்டும், அதற்கு மேல் ஏற்றமாட்டார். கடைசிச் சாண் வந்ததும் கையை எடுத்துவிட்டு, நுனியில் வாய் வெட்டிய ஒரு தடியால் மரத்தைத் தள்ளுவார். ஒரு கண்ணை மூடி, மற்றக் கண்ணால் கோட்டைப் பார்ப்பார்.

"ஏன் இவ்வளவு பக்குவம்?" என்று கேட்டேன்.

"பின்னேரம் வீட்டை போனால் மனுசி என்ரை விரலை எண்ணிப் பாத்துத்தான் மாஸ்டர் சோறு போடுவா. ஒண்டு குறைஞ்சால் பட்டினி" என்று சிரித்தார்.

நான் வாளுக்கு நேரே, சுவரோரமாக நின்றுகொண்டிருந்தேன். அவர் திரும்பிப் பார்த்தார்.

"அதிலை நில்லாதையுங்கோ. சில நேரம் வாள் மரத்தைத் திருப்பி எறியும். வயிறு கிழிஞ்சுபோம். இஞ்சாலை வாங்கோ."

நான் தள்ளி வந்து நின்றேன். நாலு பலகை நல்லபடி அரிந்து முடிந்தது. அப்போதுதான் அண்ணை சாக்கோடு உள்ளே வந்தார். அவர் வீட்டில் மரத்தூள் அடுப்பு. தூள் அள்ள வந்தவர் என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பினார். ஆனால் போகவில்லை.

ஐந்தாவது பலகை மேசைக்கு வந்தது.

மேசையில் நின்றவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு பலகைக்கும் வாளை ஓடவிடுமுன், உள்ளங்கையை அதன் மேல் வைத்து, சொந்தக்காரரின் முகத்தைப் பார்த்துக் கேட்பார். பதில் வாயால் வர வேண்டும். தலையாட்டினால் போதாது.

"மாஸ்டர், ஆணி, கம்பி ஏதும் கிடக்கோ?"

நாலு தரம் இல்லை என்றேன், நாலு தரமும் அது உண்மை. ஐந்தாம் தரம் வாய் திறக்கவில்லை. அவருடைய கை சரியாக அந்தத் தடிப்புக்குப் பக்கத்தில் கிடந்தது. ஓம் என்றால் அது அண்ணையின் காதில் விழும், விதானையாருக்குப் போகும், ஊருக்குப் போகும், கல்யாண வீட்டுக்குப் போகும்.

நான் தயங்கியதை அண்ணை கண்டுவிட்டார். வாசலில் நின்றபடியே சொன்னார்: "உவரிட்டை ஏன் கேக்கிறாய்? விதானையாருக்கு முன்னாலையே சொன்னவர், அந்த மரத்திலை கம்பி தொட்டதேயில்லை எண்டு. படிப்பிக்கிற மனிசன் பொய் சொல்லுமே?"

அவருக்குத் தெரியும். கம்பியை இழுத்துப் பிடித்த கை அவருடையது. கம்பி எல்லோர் கண்ணுக்கும் முன்னால் வெளியே வர வேண்டும், நான் கூனிக் குறுக வேண்டும் என்று அவர் காத்து நின்றார். எங்கள் இரண்டு பேருடைய கண்ணிலும் மரம் மட்டும்தான் இருந்தது. மேசையில் நின்ற மனிதர் இருக்கவில்லை.

"இல்லை" என்றேன்.

"அப்ப சரி" என்றார் அவர். என் சொல்லை அப்படியே வாங்கிக்கொண்டு வாளை ஓடவிட்டார்.

பாதிப் பலகை வெண்ணெய் போலப் போனது. பிறகு வாளின் குரல் மாறியது. அதை எப்படி எழுதுவது? ஒரு கீச்சிடல், ஒரு நெருப்புப் பொறி, பலகை உயிர் வந்தது போலத் துள்ளிப் பின்னால் பறந்து சுவரில் அடித்தது. நான் முதலில் நின்ற அதே இடம். சுண்ணாம்பு பெயர்ந்து விழுந்தது. அவர் என்னைத் தள்ளி நிற்கச் சொல்லாதிருந்தால் அது என் வயிறு.

அவரைப் பார்த்தேன். இடது கையால் முகத்தைப் பொத்தியிருந்தார். வலது கை தடவித் தடவிப் போய் மோட்டரை நிற்பாட்டியது. வாள் சுழன்று ஓயும்வரை ஒருவரும் அசையவில்லை. அதன் பல் ஒன்று முறிந்திருந்தது. முறிந்த துண்டு எங்கே என்று தேடத் தேவையிருக்கவில்லை. அவருடைய விரல்களுக்கிடையால் இரத்தம் முழங்கைக்கு இறங்கியது.

சுவரடியில் கிடந்த பலகையின் வெட்டு வாயில் துருப்பிடித்த முள்ளொன்று நீட்டிக்கொண்டிருந்தது. அண்ணை அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வெற்றி என்று சொல்ல அந்த முகத்தில் ஒன்றும் இல்லை. சாக்கு கையிலிருந்து நழுவிப் போனது.

"நானெண்டாலும் சொல்லியிருக்கலாமடா" என்றார். பல மாதத்துக்குப் பிறகு அவர் என்னோடு கதைத்த முதல் வார்த்தை அது.

ஆஸ்பத்திரிக்கு, மேசையில் நின்றவருடைய மனைவி ஓடி வந்தார். வந்தவர் முகத்தைப் பார்க்கவில்லை. போர்வைக்கு வெளியே கிடந்த இரண்டு கையையும் தூக்கி விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். பத்தும் இருந்தன. "அம்மாளாச்சி" என்று பெருமூச்சு விட்டு, அதன் பிறகுதான் நிமிர்ந்து கட்டுப் போட்ட முகத்தைக் கண்டார். அந்தப் பெருமூச்சு முடியுமுன் எழும்பிய சத்தம் இன்னும் என் காதுக்குள் இருக்கிறது. அவர் இவ்வளவு காலமும் விரலைத்தான் எண்ணி வந்தார். கண்ணை எண்ண வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

இரண்டு நாள் கழித்து நான் போனபோது கட்டிலில் கிடந்தவர் குரலைக் கொண்டு என்னை அறிந்தார்.

"மாஸ்டர், நீங்கள் ஒண்டும் யோசியாதையுங்கோ. மரம் விழுங்கினது உங்களுக்கு எப்பிடித் தெரியும்? நான்தான் தட்டிப் பாத்திருக்க வேணும். பிழை என்ரை."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "ஓம்" என்றேன். அவர் தன் மேல் போட்டுக்கொண்ட பிழையை அவர் மேலேயே விட்டுவிட்டு வெளியே வந்தேன். வாசலில் ஒரு வேம்பு. அதுவும் பூத்திருந்தது.

வேறு மரம் தேடி நிலை செய்து, தங்கையின் கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. கம்பிப் பலகையை வீட்டுக்குக் கொண்டுவந்து குசினியின் வெளிச்சுவரில் சாத்தி வைத்தேன். அண்ணை விதானையாரிடம் போகவே இல்லை. இப்போது நாங்கள் கதைக்கிறோம். மழையைப் பற்றி, வெங்காயத்தைப் பற்றி. அதைப் பற்றி மட்டும் இல்லை.

மேசையில் நின்றவருக்கு ஒரு கண் போய்விட்டது. ஒற்றைக் கண்ணுக்கு வாளுக்கும் கைக்கும் உள்ள தூரம் பிடிபடாதாம். அவர் மேசைக்குத் திரும்பவில்லை. அதே மரக்காலையில் சாக்குகளில் தூள் நிரப்புகிற வேலை கொடுத்தார்கள். "முந்திக் கோடு பாக்க ஒரு கண்ணை மூடுவன். இப்ப அந்தக் கரைச்சல் இல்லை" என்று வருகிறவர்களுக்கு அவர் பகிடி விடுவார். ஒருமுறை நானும் நின்று சிரித்திருக்கிறேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் வாய் கசக்கிறது.

போன மாதம் போய்ச் சொன்னேன். பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. என்ன துணிவில் போனேன் என்று தெரியாது, துணிவு என்றும் சொல்ல முடியாது. கம்பி இருந்தது எனக்குத் தெரியும் என்று சொன்னேன். கேட்டபோது பொய் சொன்னேன் என்று சொன்னேன். அவர் சாக்குக்குள் இறங்கி நின்று தூளை மிதித்து இறுக்கிக்கொண்டிருந்தார். மிதிப்பது நின்றது. பிறகு மறுபடி தொடங்கியது. ஏசுவார் என்று நினைத்தேன், ஏசினால் நல்லது என்றுகூட ஏங்கினேன்.

"அந்தப் பலகை இப்ப எங்கை?" என்று கேட்டார்.

"வீட்டிலை."

"அதுக்குள்ளை இன்னும் கம்பி கிடக்கோ?"

"ஓம்."

"அப்ப அதிலை எழுதி வையுங்கோ. நாளைக்கு நீங்கள் இல்லாத நேரம் ஆரும் அரியக் கொண்டுபோவினம். மேசையிலை நிக்கிறவனுக்குத் தெரிய வேணும்."

அவ்வளவுதான். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மன்னிக்கமாட்டேன் என்றும் சொல்லவில்லை. சாக்கின் வாயைக் கட்டத் தொடங்கினார். அன்றைக்கு அவர் என்னை ஒருமுறைகூட மாஸ்டர் என்று கூப்பிடவில்லை என்பது வீட்டுக்கு வந்து சைக்கிளைச் சாத்தும்போதுதான் உறைத்தது.

கரிப்பூச்சு எடுத்து அந்தப் பலகையில் 'கம்பி உண்டு' என்று பெரிதாக எழுதினேன். மழையும் வெயிலும் அந்த எழுத்தை அழிக்கும். அழிய அழிய நான் திருப்பி எழுதுவேன். ஆனால் ஒரு மூச்சில் சொல்லியிருக்கக்கூடிய அந்த இரண்டு சொல்லை, கேட்டவருக்குக் கேட்ட நேரத்தில் சொல்லாதவன் இனி எத்தனை தரம் எழுதினாலும் அது அவருக்குப் பதிலாகாது என்பதை, குசினிப் பக்கம் போகிற ஒவ்வொரு தரமும் அந்தப் பலகை எனக்குச் சொல்லிக்கொண்டே நிற்கிறது.