வாடை இல்லாத குடிகாரர்

என் கணவர் தூத்துக்குடித் துறைமுகத்தில், ஒரு கப்பல் கம்பெனியில் கிளார்க். தோணியில் ஏறும் உப்பு மூட்டைகளை எண்ணிக் குறிப்பது அவர் வேலை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளின் நடுவில், அவருடைய நாற்பத்திரண்டாம் வயதில், அவருக்கு நடை தள்ளாட ஆரம்பித்தது.

நாங்கள் சைவம். வாங்குகிற பால் பிள்ளைகளுக்கே சரியாகிவிடும். அவர் வருஷக்கணக்காகக் கடுங்காப்பிதான் குடித்தார். உள்ளங்கால் மதமதக்கிறது என்பார். நாக்கு எரிகிறது என்று தட்டைத் தள்ளிவைப்பார். என் சமையலைக் குத்திக்காட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் பட்டப்பகலில் தோணிக்குப் போட்டிருந்த பலகையிலிருந்து விழுந்தார். மேனேஜர், குடிபோதை என்று எழுதி வேலையை விட்டு நிறுத்தினார்.

"ஏளா, நான் குடிக்கலை. காலுக்குக் கீழ தரை இருக்கான்னே தெரிய மாட்டேங்கு" என்றார்.

"பின்ன ஊரே பொய் சொல்லுதா?" என்றேன்.

அன்றிலிருந்து அவர் வெளியே போய்வந்தால் வாசலிலேயே நிறுத்தி வாயை ஊதச் சொன்னேன். ஊதினார். ஒரு நாளும் வாடை வந்ததில்லை. ஆனாலும் நான் ஊரைத்தான் நம்பினேன். பிள்ளைகள் பார்க்க என் அண்ணன் அவரைக் கன்னத்தில் அறைந்தபோதும் தடுக்கவில்லை.

ஏழெட்டு மாதம் கழித்து, முகம் வெளிறி, மூச்சு வாங்கி, படுத்த படுக்கையான பிறகுதான் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா நாக்கை நீட்டச் சொன்னார். சிவந்து வழுவழுவென்று இருந்தது. தட்டினால் அதிரும் இரட்டைப் பல் இரும்புக் கவை ஒன்றைத் தட்டி என் கணவரின் கணுக்காலில் வைத்து, "அதிருதா?" என்றார்.

"இல்லம்மா."

"இவுக குடிப்பாகன்னு..." நான் ஆரம்பித்தேன்.

"யார் சொன்னது? இது பி-12 வைட்டமின் குறைச்சல். கறி, மீன், பால் எதுவும் சேராதவங்களுக்கு வரும். முன்னாலயே வந்திருந்தா நரம்பு இவ்வளவு கெட்டிருக்காது."

சிவப்பு மருந்தை ஊசியில் ஏற்றினார்கள். சில வாரங்களில் முகத்தில் ரத்தம் ஊறியது. கால் மரத்தது மரத்ததுதான். கடைசிவரை தரையைப் பார்த்துப் பார்த்தே நடந்தார்.

டாக்டரம்மாவின் சீட்டோடு நானே மேனேஜரிடம் போனேன். அவர் அதை வாங்கிப் படிக்கக்கூட இல்லை.

"அந்த இடத்துக்கு வேற ஆள் போட்டாச்சும்மா."

அண்ணன் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். "மாப்ள, மனசுல வச்சுக்கிடாதிய."

என் கணவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அண்ணன் கிளம்ப எழுந்ததும் அவர் சுவரைப் பார்த்தபடியே என்னிடம், "பழத்தை அவுககிட்டயே குடுத்துவிடு" என்றார். அந்த மாதம் முழுக்க என்னிடம் அவர் பேசியது அவ்வளவுதான்.