ஐயாகிட்ட சொல்லிட்டேனே

செஞ்சியில் எது கெட்டுப்போனாலும் பழி மலைமேல்தான் விழும். டிவியில் படம் புள்ளியடித்தால் மலை மறைக்கிறது. பஸ் தாமதமாக வந்தால், மலையைச் சுற்றிக்கொண்டு வர வேண்டாமா என்பார்கள். எங்கள் கடை போன் தகராறு செய்ய ஆரம்பித்தபோது நானும் முதலில் மாடியில் போய் நின்று ராஜகிரி மலையைத்தான் முறைத்தேன்.

கடை என் மாமனாருடையது. விவசாய மோட்டார் விற்பது, போர்வெல்லில் இறக்கிய மோட்டார் நின்றுபோனால் அதைத் தூக்கிச் சரிசெய்து மறுபடி இறக்குவது, இரண்டும் செய்கிறோம். தூக்குகிற வேலைக்கு என் வீட்டுக்காரர் ஆட்களோடு வெளியே போய்விடுவார். கடையில் நானும் மாமாவும். போன் அடித்தால் எடுக்கத்தான் ஆள் இருக்காது. நான் பின்கட்டில் பைப் அளந்துகொண்டிருப்பேன். மாமா எதிரில் உட்கார்ந்திருப்பவரோடு பேசிக்கொண்டிருப்பார். ஒருத்தர் எதிரில் இருக்கும்போது போனை எடுப்பது அவரை எழுந்து போகச் சொல்வதற்குச் சமம் என்பது மாமாவின் கொள்கை. எழுபது வயதுக்கு மேல் ஒருவரின் கொள்கையை மாற்ற என்னால் ஆகாது.

அதனால் நான் அடம்பிடித்து ஒரு புது போன் ஏற்பாட்டைக் கொண்டுவந்தேன். கடை நம்பருக்கு யார் அழைத்தாலும் முதலில் ஒரு வரவேற்பு கேட்கும். பிறகு மேஜை போன் அடிக்கும். பத்து விநாடிக்குள் யாரும் எடுக்காவிட்டால் அழைப்பு தானாக என் செல்லுக்கு வந்துவிடும். கம்பெனிக்காரர்கள் போனிலேயே எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்துப் பொருத்தவைத்தார்கள். வரவேற்பு மட்டும் மாமா குரலில் இருக்கட்டும் என்று சொன்னேன். சுற்றுப்பட்டு ஊர்களுக்குத் தெரிந்தது அந்தக் குரல்தான். அவர் பதிவு செய்ய உட்கார்ந்த நேரத்தில் பைப் லோடு வந்துவிட்டது. நான் இறக்கிவைத்துத் திரும்பினேன். "பேசிட்டேம்மா" என்றார். நானும் விட்டுவிட்டேன்.

முதல் வாரத்திலேயே தொல்லை தொடங்கியது. கம்பெனியின் அழைப்புப் பட்டியலைப் பார்த்தால், ஒரு அழைப்பு என் செல்லுக்கு வந்து சேர முக்கால் நிமிஷத்துக்கும் மேல் ஆனது. பாதிப் பேர் வருவதற்குள் வைத்துவிட்டார்கள். வைக்காதவர்கள் லைனில் எரிச்சலோடு வந்தார்கள்.

"எல்லாத்தயும் ஐயாகிட்ட சொல்லிட்டேனே. மறுபடியும் உன்கிட்ட மொதல்லருந்து சொல்லணுமா?"

மாமா எடுத்துப் பேசிவிட்டு ஏதோ பட்டனை அழுத்தி என் பக்கம் தள்ளிவிடுகிறார் என்று நினைத்தேன். கேட்டால், "நான் போனையே தொடலியேம்மா" என்றார்.

நான் விடுகிற ஆள் இல்லை. என் செல்லிலிருந்து கடை நம்பருக்கு அடித்துப் பார்த்தேன். அடித்த உடனே மேஜை போன் மணி கேட்டது. வீட்டுக்காரர் செல்லிலிருந்து அடித்தேன். அதிலும் குறை இல்லை. மற்றவர்கள் அடித்தால் மட்டும் தாமதம். கம்பெனியின் உதவி எண்ணைக் கூப்பிட்டேன். உதவிக்கு ஆள் வருவதற்குள் ஒரு சங்கீதக் கச்சேரியே முடிந்துவிடும். முடிந்ததும் ஒரு பெண், "உங்கள் பொறுமைக்கு நன்றி மேடம்" என்பாள். என்னிடம் இல்லாத ஒன்றுக்கு அத்தனை பேர் நன்றி சொன்னது என் வாழ்க்கையிலேயே அந்த மூன்று வாரத்தில்தான்.

பத்து விநாடியை ஐந்தாகக் குறைக்கச் சொன்னார்கள். ஏழு வைக்கலாமா என்றேன். ஐந்து ஐந்தாகத்தான் ஏறும், இறங்கும் என்றார்கள். செல்லை அணைத்துப் போடு, சிம்மைக் கழற்றிப் போடு, இன்னொரு அறையில் நின்று பேசு என்று நாளொரு வைத்தியம் நடந்தது. ஒருநாள் வேறொருவர் பேசினார். உங்கள் ஊரில் மலை ஏதாவது இருக்கிறதா மேடம் என்று கேட்டார். இருக்கிறது, ஒன்றுக்கு மூன்றாக இருக்கிறது, நகர்த்தி வைக்கட்டுமா என்றேன். அவர் லைனைத் துண்டித்துவிட்டார்.

இந்த நிலைமையில்தான் சீயமங்கலத்து விவசாயி ஒருவர் பஸ் பிடித்து நேரிலேயே வந்து நின்றார். மோட்டார் நின்று நான்கு நாளாகிவிட்டதாம். மல்லாட்டைப் பயிர் தண்ணீர் இல்லாமல் காய்கிறதாம். கோபத்தில் தோள் துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டார்.

"ரெண்டு தபா போன் பண்ணி ஐயாகிட்ட சொன்னேன். மழ உண்டான்னு கேட்டாரு, சாப்டியான்னு கேட்டாரு, இன்னாச்சுன்னு கேட்டாரு. நானும் ஒண்ணு விடாம சொன்னேன். பாத்துக்கலாம்னாரு. ஒருத்தரும் வரலியே?"

மாமா விழித்தார். "நானா? நான் உங்கிட்ட பேசவே இல்லியேப்பா."

"காயுற பயிரு மேல சத்தியமா பேசினீங்க."

பயிர்மேல் ஒரு விவசாயி பொய்ச் சத்தியம் செய்யமாட்டார். மழையையும் சாப்பாட்டையும் மாமா விசாரிக்காத ஆளும் இந்தப் பக்கத்தில் கிடையாது. எடுத்த எடுப்பில் என்ன வேண்டும் என்று கேட்பது போலீஸ் ஸ்டேஷன் பழக்கம் என்பார் அவர். அதனால் அந்தச் சாட்சியத்தை யாரும் சந்தேகப்படவில்லை. வீட்டுக்காரர் அன்றைக்கே ஆட்களோடு சீயமங்கலம் போய் மோட்டாரைச் சரிசெய்ததில் பயிர் பிழைத்தது. ஆனால் அடுத்த வாரம் அவலூர்பேட்டையிலிருந்து ஒருத்தர் வந்து அதே கதையைச் சொன்னார். அவரிடமும் மழை, சாப்பாடு, பாத்துக்கலாம். மாமா அவரிடமும் பேசவே இல்லை என்றார்.

அன்று சாயந்திரம் வீட்டில் யாரும் போனைப் பற்றிப் பேசவில்லை. மாமாவைப் பற்றித்தான் பேசினோம். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு வீடெல்லாம் தேடினார் என்றார் என் மாமியார். அதை நானும் வாரம் இரண்டு முறை செய்கிறேன், ஆனால் சந்தேகம் வந்துவிட்டால் எல்லாமே அத்தாட்சிதான். என் வீட்டுக்காரர், "நைனாவ வூட்லயே இருக்க சொல்லிடலாம். கடைக்கு வந்து கெட்ட பேரு வாங்கிக்கப் போறாரு" என்றார். கடையில்லாமல் மாமா என்ன செய்வார் என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. பாண்டிச்சேரியில் ஞாபக மறதிக்குப் பார்க்கிற டாக்டரை விசாரித்து வெள்ளிக்கிழமைக்கு நேரம் வாங்கியது நான்தான். அந்தச் சுறுசுறுப்பை இன்று நினைத்தாலும் எனக்கு என்மேல் கோபம் வருகிறது.

மாமாவிடம் பொதுவாக ஒரு செக்கப் என்று சொன்னோம்.  மறுநாளிலிருந்து அவர் கடையில் தொங்கிய தினசரி காலண்டர் தாளில் பென்சிலால் குறிக்க ஆரம்பித்தார். யார் வந்தார், என்ன பேசினார், எத்தனை மணிக்கு. டீ கொண்டுவந்தவரைக்கூட எழுதிவைத்தார். எதிரில் ஆள் உட்கார்ந்திருந்தாலும் பாதிப் பேச்சில் நிறுத்தி எழுதினார். வியாழக்கிழமை மத்தியானம் கடையில் ஆள் இல்லாதபோது என்னைக் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"ஏம்மா, நான் யார்கிட்டயாவது போன்ல பேசினத நீ கண்ணால பாத்தியா?"

"பேசியிருப்பீங்க மாமா. மறந்திருக்கும்" என்றேன். குழந்தையிடம் பேசுகிற குரலில் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு பென்சிலைத் தேடினார். அது அவர் கையிலேயே இருந்தது. 

எனக்கு வந்த ஆத்திரத்தை யார்மேலாவது காட்ட வேண்டும் போலிருந்தது. பின்கட்டுக்குப் போய்க் கம்பெனியைக் கூப்பிட்டேன். கச்சேரி முடிந்து ஒரு பெண் வந்தாள். நன்றி சொல்ல வாய் திறப்பதற்குள் நான் மூன்று வாரக் கதையையும் கொட்டினேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நீங்கள் எந்த நம்பரிலிருந்து சோதித்துப் பார்த்தீர்கள் மேடம்?"

"என் செல்லுலருந்து. எங்க வூட்டுக்காரர் செல்லுலருந்து."

"அவை இரண்டும் கடை ஆட்களின் நம்பர் என்று இங்கே பதிவாகியிருக்கிறது. அவற்றுக்கு வரவேற்பு வராது, நேராக மணி அடிக்கும். வெளி நம்பரிலிருந்து ஒரு முறை அடித்துக் கேளுங்கள்."

பக்கத்துத் தையல் கடை அக்காவிடம் போய் செல்லை வாங்கிக் கடை நம்பரை அழுத்தினேன்.

"வணக்கம்" என்றது மாமாவின் குரல். "ஐயா பேசறேன். எந்த ஊருப்பா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. நாற்காலி கிறீச்சிடுவது கேட்டது.

"அப்படியா. உங்க பக்கம் மழ உண்டா?"

மறுபடி அமைதி.

"சரி சரி. சாப்டியா?"

"சாப்டேன் மாமா" என்றேன் நான். தையல் கடை அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"வூட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா? ம். மோட்டாருக்கு இன்னாச்சு, நிதானமா சொல்லு."

இதற்குத்தான் நீளமான இடைவெளி. விவசாயி ஒருத்தர் தன் மோட்டாரின் சரித்திரத்தைச் சொல்லி முடிக்க எவ்வளவு நேரமாகும் என்று மாமாவுக்கு அத்துப்படி. நடுவில் அவர் டீ உறிஞ்சுகிற சத்தம்கூடக் கேட்டது. கடைசியில், "சரிப்பா, பாத்துக்கலாம்." அதற்குப் பிறகுதான் மேஜை போன் மணி அடிக்கத் தொடங்கியது. பாத்துக்கலாம் என்று ஐயாவே சொன்ன பிறகு எந்த விவசாயி லைனில் நிற்பார்? இன்னும் ஏதோ சொல்ல பாக்கி இருந்தவர்கள் மட்டும் தொங்கிக்கொண்டிருந்து என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

தையல் கடை செல்லோடு மாமாவிடம் ஓடினேன். "அன்னிக்குக் கம்பெனிக்காரர் உங்கள இன்னா மாமா பேசச் சொன்னாரு?"

"வழக்கமா கஸ்டமர்கிட்ட எப்படிப் பேசுவீங்களோ அப்படியே பேசுங்க சார்னாரு. பேசினேன். ஏம்மா?"

நம்பரை மறுபடி அழுத்தி அவர் காதில் வைத்தேன். முதலில் குழம்பினார். மழை வந்தபோது புருவத்தை உயர்த்தினார். சாப்பாடு வந்தபோது தலையாட்டினார். முழுவதையும் கேட்டுவிட்டுச் செல்லை மேஜைமேல் வைத்தார்.

"அப்ப நான் எதையும் மறக்கல" என்றார்.

"இல்ல மாமா." எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கத்தில் வந்த அழுகை.  காலண்டரில் தொங்கிய அன்றைய தாளை அவர் கிழித்து, மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். முகத்தில் மூன்று வாரமாக இல்லாத தெளிவு வந்திருந்தது.

"நாளைக்குப் பாண்டிக்குப் பஸ் எத்தினி மணிக்கு?"

"அதெல்லாம் வேணாம் மாமா. இப்பவே போன் பண்ணி வரலன்னு சொல்லிடறேன்."

"இன்னாத்துக்கு? போவலாம். டாக்டர மட்டும் மாத்து, காது டாக்டரா பாரு" என்றார். "மூணு வாரமா நான் யார்கிட்டயும் பேசலன்னு சொல்லிக்கினே இருந்தேன். வூட்ல ஒருத்தருக்கும் கேக்கலியே."