பார்த்துக்கொண்டிருக்கும் வேலை

திருவான்மியூர் கடற்கரை நடைபாதை. காலை ஆறு பத்து. என் அத்திம்பேர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நோட்டுப் புத்தகத்தில் எழுதினார்: "வந்தார். தெற்கு நோக்கி நடை. வெள்ளைத் தொப்பி." ஆறு இருபத்தைந்துக்கு அடுத்த வரி: "யாரோ சொன்னதற்குச் சிரித்தார்." பக்கத்தில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த நான் நகைச்சுவைக் கட்டுரைகள் எழுதிப் பிழைக்கிறவன். இத்தனை சுருக்கமாக, இத்தனை விரோதமாக என்னால் ஒரு வரிகூட எழுத முடிந்ததில்லையே என்று பொறாமையாக இருந்தது.

அத்திம்பேர் என் அக்காவின் கணவர். ராணுவத்தில் மேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். தொப்பிக்காரர் அவருடைய பழைய மேலதிகாரி, பிரிகேடியர். இருவரும் ஒரு காலத்தில் பன்னாட்டு அமைதிப் படையில், எங்கோ இரண்டு நாடுகள் முறைத்துக்கொண்டிருந்த எல்லையில் நீலத் தொப்பி போட்டுக்கொண்டு வேலை பார்த்தவர்கள். எல்லை என்றால் வேலி கிடையாது, வெள்ளையடித்த தார்ப் பீப்பாய்களின் வரிசைதான். அதில் அவ்வப்போது ஒன்று நூறடி நகர்ந்திருக்கும். இரு தரப்பும் தங்களுக்குத் தெரியாது என்று சத்தியம் செய்யும். வண்டியை எடுக்க இரு தரப்பின் சம்மதமும் வேண்டும். சுடுவதென்றால் முதலில் தன்மேல் குண்டு விழ வேண்டும். அடுத்த முகாமில் இருந்த வேறு நாட்டுப் படைக்கோ, ஆபத்தென்றால் வெளியே தலைகாட்டக் கூடாது என்று அவர்கள் ஊரிலிருந்தே உத்தரவு. மற்றபடி வேலை என்னவென்றால் பார்ப்பது, பார்த்ததை மணி போட்டு எழுதி அனுப்புவது. "கல்யாணத்துல சம்பந்தி சண்டை நடந்துண்டிருக்கு. நீ நடுவுல சந்தனப் பேலாவை ஏந்திண்டு நிக்கணும். அதான் உத்யோகம்" என்பார் அத்திம்பேர்.

அங்கே ஒரு கிராமம் பீப்பாய்க்கு இந்தப் பக்கம், அதன் கிணறு அந்தப் பக்கம். பெண்கள் தண்ணீருக்குப் போகும்போது படையின் வண்டி ஒன்று கூடவே போய் வரும். அது எந்த உத்தரவிலும் இல்லாத வழக்கம். ஒரு நாள் காலை எதிர்த் தரப்பின் சம்மதம் வரவில்லை என்று வண்டி நின்றுவிட்டது. பெண்கள் தாகத்துக்குச் சம்மதம் கேட்காமல் போய்விட்டார்கள். அவர்கள் கிணற்றடியில் இருந்தபோது அந்தப் பக்கத்துப் படை சுட ஆரம்பித்தது. அத்திம்பேர் ரேடியோவில் தலைமையகத்தைக் கேட்டார். இரண்டு முறை "பொறு" என்று பதில் வந்தது. மூன்றாம் முறை பிரிகேடியரே பேசினார்: "போகச் சொல். ஆனால் பதிவில் வேண்டாம்."

வண்டியை எடுத்தவர் அடையாற்றங்கரைக் குடிசைப் பகுதியிலிருந்து பட்டாளத்துக்குப் போன டிரைவர். ஒன்பது பெண்களும் வண்டிக்குள் குப்புறப் படுத்தபடி உயிரோடு திரும்பினார்கள். முகாம் வாசல் வரை கொண்டுவந்து நிறுத்திய டிரைவர் ஸ்டியரிங்மேல் சாய்ந்தவர், நிமிரவில்லை.

சம்மதமில்லாமல் வண்டி எல்லை தாண்டியது பெரிய விவகாரமாயிற்று. "ஓட்டுநர் உத்தரவின்றித் தன்னிச்சையாகச் சென்றார்" என்று அறிக்கை தயாரானது. மேலே பிரிகேடியரின் கையெழுத்து. கீழே என் அத்திம்பேருடையது. போடாவிட்டால் படைப்பிரிவையே திருப்பி அனுப்பிவிடுவோம் என்று மிரட்டினார்களாம். அந்தக் காரணத்தை நான் ஏற்றுக்கொண்டேன், அவர் ஏற்கவில்லை. பிற்பாடு மேலிடத்துக்கு உண்மையை எழுதி அனுப்பினார். நீங்களே கையெழுத்திட்டிருக்கிறீர்கள், உத்தரவு கொடுத்தவர் ஒப்புக்கொண்டால் பார்க்கலாம் என்று பதில் வந்தது.

உத்தரவு கொடுத்தவர் பாலவாக்கத்தில் வீடு கட்டிக்கொண்டு, தி. நகர் சபாக்களில் உலக அமைதியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். உத்தரவு என்னுடையதுதான் என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள் என்று அத்திம்பேர் போய்க் கேட்டதற்கு, அதெல்லாம் பழைய கதை என்று காபி கொடுத்து அனுப்பிவிட்டார். நான் கொதித்தேன். உரை முடிந்ததும் எழுந்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பதென்று ஒரு வாரம் மனப்பாடம் செய்தேன். மைக் கைக்கு வந்ததும் "அருமையான உரை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அத்திம்பேர் என்னைத் திட்டவில்லை. "எனக்குத் தெரிஞ்சது ஒரே வேலை. அதைச் செய்யறேன். பாத்துண்டே இருக்கேன்" என்றார்.

அப்படித்தான் தினமும் மயிலாப்பூரிலிருந்து ஸ்கூட்டரில் போய் அந்த நடைபாதை பெஞ்சில் உட்கார ஆரம்பித்தோம். ஒரு வார்த்தை பேசுவதில்லை. பார்ப்பது, எழுதுவது. பிரிகேடியர் முதலில் நேரத்தை மாற்றினார்; நாங்களும் மாற்றினோம். கறுப்புக் கண்ணாடி போட்டார். கூட நடந்தவர்கள் விசாரிக்க ஆரம்பித்ததும் தனியாக நடந்தார். நோட்டில் "சிரித்தார்" என்ற சொல் மாதத்துக்கு ஒருமுறையாகி, பிறகு இல்லாமலே போயிற்று. நான் அதை ரசித்தேன். இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டும்; வரவில்லை.

போன மார்கழியில் அத்திம்பேர் போய்ச் சேர்ந்தார். பதின்மூன்றாம் நாள் சுபஸ்வீகாரத்துக்கு வந்த பிரிகேடியர் இரண்டு ஜாங்கிரி சாப்பிட்டு, என் தோளைத் தட்டி, இனி நிம்மதி என்றார். யாருக்கு என்று சொல்லவில்லை. மறுநாள் காலை நான் தனியாகப் போய் பெஞ்சில் உட்கார்ந்தேன். பல வருஷம் கழித்து அந்த மனிதர் சிரித்தார்.

"நீங்களுமா சார்? உங்களுக்கு இதுல என்ன சம்பந்தம்?"

கேள்வி நியாயமானது. சம்பந்தப்பட்டவருக்கோ இதுவரை யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. பிரிகேடியரை இத்தனை வருஷம் கண்கொட்டாமல் பார்த்த என் அத்திம்பேர், அந்த டிரைவரின் மனைவி தன்னைப் பார்த்துவிடக் கூடாதென்று அவர் இருந்த திசைக்கே போனதில்லை.

ஆற்றங்கரையிலிருந்து கிளப்பிப் பெரும்பாக்கம் அடுக்குமாடிக்கு அனுப்பப்பட்டவர்களில் அந்த அம்மாளும் ஒருவர். தேடிப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "சொல்பேச்சு கேக்காம பூட்டாருன்னு பேப்பரு வந்துச்சு. எம் பொண்ணை கட்டிக்கினு போன வூட்ல கூட, திமிரு புடிச்சவன் பொண்ணுன்னுதான் பேரு" என்றார். "உங்க மேஜரு கையெயுத்தும் அதுல கீதா?"

"இருக்கு."

"உசுரோட இருந்தப்ப ஏன் வர்ல?"

"பயம்" என்றேன்.

"செத்துப் பூட்டாரு. தப்பிச்சிக்கினாரு. அந்த இன்னொருத்தரு எங்க கீறாரு?"

மறுநாள் விடிந்தும் விடியாமல் திருவான்மியூர் பஸ் நிலையத்தில் இறங்கி, எனக்கு முன்பே நடைபாதைக்கு வந்துவிட்டார். பிரிகேடியர் வந்ததும் இன்னார் என்று சொன்னேன். அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். ஏனோ மறுபடி மாட்டிக்கொண்டார். அந்த அம்மாள் கேட்டது அதே ஒரு வரிதான். வயதாகிவிட்டது, சரியாக ஞாபகமில்லை, யோசிக்க வேண்டும் என்று அவர் இழுத்துவிட்டு நடக்க ஆரம்பித்தார். அத்திம்பேராக இருந்தால் மணி பார்த்து எழுதியிருப்பார். அந்த அம்மாள் எழுந்து, புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, அவர் பக்கத்திலேயே நடந்தார்.

"நல்லா யோசிச்சே எய்து சார். எனக்கு இன்னா அவசரம்? தெனம் ஃபர்ஸ்ட் பஸ்ஸு கீது."