முன்னால் போகும் வெள்ளாடு

மலையாண்டியின் செம்மறிக் கூட்டத்துக்கு முன்னால் எப்போதும் ஒரு வெள்ளாடு நடக்கும். பேர் சிட்டு. செம்மறிகள் தலையைத் தொங்கப்போட்டு அதன் பின்னாலேயே போகும். அந்தப் பக்கத்தில் ஆடு மேய்ப்பவர்கள் எல்லாரும் அப்படித்தான் பழக்குவார்கள்.

அலங்காநல்லூருக்கு வடக்கே அவர் மேய்த்த தரிசு முழுக்க இப்போது சோலார் தகடுகள். வெயிலில் மின்சாரம் எடுப்பது நாட்டின் கொள்கை என்று வாசலில் போர்டு இருந்தது. நிலத்துக்காரர்களுக்குக் குத்தகை வந்தது. மலையாண்டிக்குக் கம்பிவேலிதான் வந்தது. சித்திரை வெயிலில் வெளியே எல்லாம் கருகிவிட, உள்ளே தகடு கழுவும் தண்ணீரில் புல் முழங்கால் உயரம் நின்றது.

மனைவி ராமக்காள்தான் போய்க் கேட்டாள். அங்கிருந்த இன்ஜினியர் ஆன்சன் பசுமலைக்காரர், நல்ல மாதிரி.

"செம்மறிய மட்டும் விடுங்கக்கா. வெள்ளாடு தகட்டுல ஏறும், ஒயரைக் கடிக்கும், அது கூடவே கூடாது. நாளைக்குக் காலைல வாங்க. தோதுப்படலன்னா மருந்தடிச்சுப் புல்லைக் கருக்கிருவோம், ஆளுக்குச் சொல்லியாச்சு."

மறுநாள் சிட்டுவை வெளியே உடைமரத்தில் கட்டிவிட்டுக் கூட்டத்தை ஓட்டினார் மலையாண்டி. வாசலோடு எல்லாம் நின்றுவிட்டன. தள்ளினார், அதட்டினார். ஒரு குட்டியைத் தூக்கி உள்ளே விட்டார். அது திரும்பி ஓடி வந்தது.

"பந்தியில இலை போட்டும் உக்கார மாட்டேங்குதுக, கோவிச்சுக்கிட்ட சம்பந்தி மாதிரி," என்றாள் ராமக்காள்.

"இதுகளுக்கு அறிவே கெடையாதாண்ணே?" என்றார் ஆன்சன்.

"நான் பழக்குனதுதான் தம்பி," என்றார் மலையாண்டி. "சிட்டுவைக் கயித்துல புடிச்சே கூட்டியாறேன். உள்ள விட்டுட்டு உடனே வெளிய கொண்டு போயிருறேன்."

ஆன்சன் அரைமனதாய்த் தலையாட்டினார்.

சிட்டு வாசலைத் தாண்டியதும் கூட்டம் மொத்தமும் உள்ளே பாய்ந்தது. கொஞ்ச நேரம் புல் கடிபடும் சத்தம் மட்டும் கேட்டது. ராமக்காள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சொன்ன சொல்படி மலையாண்டி சிட்டுவை வாசல் பக்கம் திருப்பினார்.

செம்மறிகள் தலையைத் தூக்கின. வாயில் புல்லோடு ஒவ்வொன்றாய் அதன் பின்னால் வெளியே வந்தன.

"சிட்டுவை உள்ளயே ஓரமாக் கட்டிப்போடவா தம்பி? நானே புடிச்சுக்கிட்டு நிக்கிறேன்."

ஆன்சன் கம்பத்திலிருந்த கேமராவைக் காட்டினார். "ஆபீஸ்ல பாத்துக்கிட்டு இருக்காங்கண்ணே. இம்புட்டு நேரம் விட்டதே எனக்கு வில்லங்கம்."

கதவு சாத்தப்பட்டது. உள்ளே ஒருவன் மருந்து டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டான். செம்மறிகள் வாயில் மிச்சமிருந்ததை மென்றபடி சிட்டுவைப் பார்த்தன. சிட்டு, எந்தப் பக்கம் போக என்பதுபோல் மலையாண்டியைப் பார்த்தது. அவர் கயிற்றைப் பிடித்தபடி அங்கேயே நின்றார்.