தினமும் மத்தியானம் வரும் அம்மா

என் ஓரகத்தியின் கடைக்கு ஷட்டர் கிடையாது. எனக்கு முதல் எரிச்சல் அதில்தான். நான் காலையில், எண்ணெய் போட்டாலும் முரண்டு பிடிக்கிற ஷட்டரை இரண்டு கையாலும் தூக்கி, வாசல் தெளித்து, பொம்மைக்குக் கவுன் மாட்டிவிட்டு, தெருவில் போகிற வருகிற தாய்மார்களைப் பார்த்தபடி உட்கார வேண்டும். அவள் கடை லேப்டாப்புக்குள் இருக்கிறது. அவள் தூங்கும்போதும் அது திறந்தே கிடக்கிறது.

என் கொழுந்தனின் மனைவி அவள். நாங்கள் இருவரும் தைத்து விற்பது ஒன்றையே, புதுநன்மைக் கவுன். எங்கள் கத்தோலிக்கக் குடும்பங்களில் பிள்ளைகள் முதல்முறையாக நற்கருணை வாங்கும் நாள் ஒரு சின்னக் கல்யாணம் மாதிரி. பெண்பிள்ளைகளுக்கு வெள்ளைக் கவுன், முக்காடு, தலையில் பூக்கிரீடம், கையில் மெழுகுவர்த்தி. திண்டுக்கல்லில் எங்கள் பங்குக் கோயிலில் அந்தக் கவுன் என்றால் என் கடைதான். நான் வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அது மாறியதில்லை. பீடத்துக்கு முன்னால் வரிசையாக நிற்கும் வெள்ளைக் கவுன்களைப் பின்பெஞ்சில் இருந்து பார்ப்பேன். சாமி பிரசங்கத்தில் என்ன சொன்னார் என்று கேட்டால் தெரியாது. எந்தக் கவுனில் எந்தச் சுருக்கம் சரியாக விழுந்திருக்கிறது என்று கேட்டால் சொல்வேன்.

இந்த வருஷம் அதற்கு வேட்டு வைத்தது ஒரு கை. கவுனுக்கு வைக்கிற கையைச் சொல்கிறேன். ஈஸ்டர் முடிந்ததும் ஓரகத்தி தன் சைட்டில் ஒரு கவுன் படம் போட்டாள். தோளில் உருண்டு எழும்பி, முழங்கைக்கு மேலே அடங்கி, பிள்ளை எவ்வளவு ஆடினாலும் தொங்காமல் நிற்கிற பஃப் கை. எங்கள் பங்குத் தாய்மார்கள் போனை நீட்டிக்கொண்டு என் கடைக்கு வர ஆரம்பித்தார்கள்.

“அக்கா, இதே மாதிரி கை வச்சுத் தருவீங்களா? பாப்பா இதுதான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறா.”

“அதுக்கென்ன, தாராளமா,” என்றேன். பல்லைக் காட்டிச் சிரித்தேன்.

தைத்துப் பார்த்தேன். காற்றுப்போன பலூனாகத் தொங்கியது. உள்ளே கேன்வாஸ் கொடுத்தேன், அட்டைப்பெட்டி மாதிரி விறைத்தது. நெட் துணியை மடித்து வைத்தேன், பிள்ளைக்கு அரித்தது. மே மாதக் கடைசி ஞாயிறு புதுநன்மை. அதற்குள் அந்தக் கை எனக்குப் பிடிபடாவிட்டால் எங்கள் பங்கு ஜனமே அவள் பக்கம் போய்விடும். அவளிடம் கேட்டால் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவாள் என்பதும் எனக்குத் தெரியும். அதற்கு ஊசியை விழுங்கிவிடலாம் என்று இருந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு கடைத்தெரு ஓய்ந்து கிடக்கும் நேரத்தில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அவளுடைய சைட்டைத் திறப்பேன். கவுன் படத்தை விரலால் விரித்து விரித்து அந்தக் கையைப் பார்ப்பேன். தையல் எங்கே திரும்புகிறது, உள்ளே என்ன கொடுத்திருக்கிறாள் என்று கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு தேடுவேன். அனுப்புகிற செலவு எவ்வளவு வாங்குகிறாள் என்று அறிய, கூடையில் போட்டுப் பார்த்துவிட்டு எடுத்துவிடுவேன். வாங்கியவர்கள் எழுதியதில் திட்டி எழுதியது ஏதாவது உண்டா என்று அலசுவேன். ஒரு நாள் ‘எங்களைப் பற்றி’ என்ற பக்கத்தில் போட்டோவில் தையல் மெஷின் அருகே அவள் சிரித்துக்கொண்டு நின்றாள். எனக்கு என்ன வந்ததோ, அந்த முகத்தில் பெருவிரலால் டொக் டொக் என்று குத்தினேன். குத்தியதும் மனசு கொஞ்சம் ஆறியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல எல்லோரும் கொழுந்தன் வீட்டில் சாப்பிட்டோம். பூசை முடிந்து அங்கே கூடுவது எங்கள் வழக்கம். மாமியார் அவர்களோடுதான் இருக்கிறார். அவளுடைய கோழிக்குழம்பும் என்னுடையதைவிட நன்றாக இருக்கும், அதையும் சொல்லி வைக்கிறேன். கை கழுவி வந்து உட்கார்ந்ததும் என் கணவர் அவளிடம் கேட்டார்.

“ஏம்மா, வர்றவங்க முகமே தெரியாம எப்படி யாவாரம் பண்ற?”

“முகம் தெரியாது மாமா, விரல் தெரியும்,” என்றாள். “சைட்டுக்குள்ள ஒரு சின்ன புரோகிராம் போட்டு வச்சிருக்கேன். வந்தவங்க எதைத் தொட்டாங்க, எந்தப் படத்துல செத்த நேரம் நின்னாங்க, எங்க வெறுத்துப்போய் வெளிய போனாங்க, அம்புட்டையும் வீடியோ கணக்கா காட்டிரும். பேரு தெரியாது. டைப் பண்றதக்கூட புள்ளி புள்ளியா மறச்சுரும்.”

குடித்துக்கொண்டிருந்த மோர் டம்ளரைக் கீழே வைத்தேன்.

“இதெல்லாம் பெரிய கம்பெனிக்காரன்தான வைப்பான்?” என்றார் அவர்.

“யாருதான் வைக்கல மாமா? துணி விக்கிறவங்க, பஸ் டிக்கெட் போடுறவங்க, வரன் பாக்குற சைட்டு, லோன் குடுக்குறவங்க, ஆஸ்பத்திரி, காலேஜு. சீட்டெல்லாம் பாத்து எடுத்தவன் காசு கட்டுற பக்கத்துல ஏன் ஓடிப்போனான்னு பஸ்காரனுக்குத் தெரியணும். விண்ணப்பத்தப் பாதியில ஏன் விட்டாங்கன்னு காலேஜுக்குத் தெரியணும். சின்னக் கடைக்கு இது இலவசமாவே கிடைக்குது. அக்கா கடையில உக்காந்து முகத்தப் பாத்தே கண்டுபிடிச்சிருவாங்க. எனக்கு அந்தச் சாமர்த்தியம் இல்ல, அதான் இத வச்சிருக்கேன்.”

என்னைப் புகழ்ந்துதான் சொன்னாள். வயிறு எரிந்தது. பிள்ளையின் கண் எந்தக் கவுனில் ஒட்டுகிறது, தாயின் கண் எந்த விலையில் பின்வாங்குகிறது என்று படிக்க நான் எத்தனை வருஷம் வாசலில் காய்ந்திருக்கிறேன். இவளுக்கு அது இலவசமாக வந்து மடியில் விழுகிறது.

“ஒரு அம்மா இருக்காங்க, பாருங்க,” என்று லேப்டாப்பை டிவியில் மாட்டினாள். “மதுரைன்னு காட்டுது. தினமும் மத்தியானம் வருவாங்க.”

மூச்சு வந்தது. என் போன் நெட்வொர்க் என்னை மதுரைக்காரி ஆக்கிவிட்டிருந்தது. ஆனால் டிவியில் ஓடியது நான்தான். பெரிய திரையில் ஒரு வெள்ளைப் புள்ளி என் பெருவிரலாக நகர்ந்தது. கவுனுக்குப் போனது. கையை விரித்தது. நின்றது. மறுபடி விரித்தது. கூடையில் போட்டது, எடுத்தது. எந்தத் தாயும் பிள்ளையின் முகத்தைக்கூட அப்படி உற்றுப் பார்த்திருக்க மாட்டாள்.

“பாவம், அந்தக் கவுன் மேல அம்புட்டு ஆச,” என்றாள் ஓரகத்தி. “வெலயப் பாத்ததும் எடுத்துர்றாங்க. இங்க பாருங்க, குறையா எழுதுனத மட்டும் தேடித் தேடிப் படிக்கிறாங்க. யாருகிட்டயோ ஏமாந்திருப்பாங்க போல. இது இன்னொரு நாள். என் போட்டோவ இத்தன தடவ தட்டியிருக்காங்க. கோவமாத் தட்டுனதுன்னு இந்தப் புரோகிராமே குறிச்சிருக்கு. எங்கூடப் பேசணும்னு தட்டியிருக்காங்க, ஒண்ணும் திறக்கல, கோவம் வந்திருக்கு. அதான் போட்டோவுக்குக் கீழ வாட்ஸப் நம்பர் போட்டுட்டேன்.”

கொழுந்தன் உச்சுக் கொட்டினார். என் கணவர் “யாரு பெத்த புள்ளையோ,” என்றார்.

அத்தோடு விட்டார்களா? மே, மாதாவுக்கு உரிய மாதம். சாயங்காலம் செபமாலைக்கு எல்லோரும் முழந்தாளிட்டோம். வீட்டுக்காகச் சொன்னோம், நோயாளிகளுக்காகச் சொன்னோம். கடைசியில் மாமியார், “கவுன் வாங்க வழியில்லாத அந்த மதுரைத் தாய்க்காக ஒரு மங்கள வார்த்தை செபம்,” என்றார். அதைச் சொல்ல என் முறை வந்திருந்தது. எனக்காக நானே, எல்லோர் முன்னாலும், சத்தமாகச் சொன்னேன்.

பிறகு ‘அந்த அம்மாவுக்காக’ அவள் ஒவ்வொன்றாகத் திருத்தினாள். அனுப்புகிற செலவை விலையோடு சேர்த்து முதலிலேயே காட்டினாள். குறை எழுதியவர்களுக்குப் பதில் எழுதினாள். கையை இன்னும் கிட்டத்தில் படம் எடுத்துப் போட்டாள். ஆர்டர் குவிந்தது. நான் வயிறெரிந்து தடவியதெல்லாம் அவளுக்கு யோசனையாகப் போய்ச் சேர்ந்திருந்தது. கிட்டத்துப் படத்திலும் கையின் உட்பக்கம் மட்டும் தெரியவில்லை.

இனி அந்தச் சைட்டைத் தொடுவதில்லை என்று மாதா படத்துக்கு முன்னால் சொல்லிக்கொண்டேன். அந்த வாரமே தொட்டேன். திறந்ததும் திரையின் நடுவில் ஒரு கட்டம் வந்தது.

‘அடிக்கடி வருகிறீர்கள், சந்தோஷம். இந்தக் கவுன் உங்கள் பிள்ளைக்கு எங்கள் அன்பளிப்பு. முகவரி மட்டும் அனுப்புங்கள்.’

நான் ஷட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். வெட்கத்தால் என்று நினைத்தால் தப்பு. எனக்கு அந்த மதுரைக்காரி மேல் பொறாமை வந்துவிட்டது. இந்தக் குடும்பத்துக்கு வந்து இத்தனை காலத்தில் என் விரல் எதைத் தொட்டுவிட்டுத் திரும்பியது என்று யார் பார்த்தார்கள்? ஜவுளிக்கடையில் நான் எடுத்துப் பார்த்து மடித்து வைத்த சேலையை என் கணவர் கவனித்திருப்பாரா? இல்லாத ஒரு பெண்ணின் ஆசையை அவள் இவ்வளவு அக்கறையாகப் பார்க்கிறாள், மங்கள வார்த்தை சொல்கிறார்கள், சும்மாவே கவுன் தருகிறார்கள். கட்டத்தை மூடினேன்.

புதுநன்மைக்கு முந்தின வார ஞாயிறு. என் கடையில் வெட்டிய வெள்ளைத் துணி கை இல்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது. மறுநாளும் கை அமையவில்லை என்றால் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான். அவள் வீட்டு அடுப்படியில் நான் பாத்திரம் கழுவ, அவள் துடைத்து அடுக்கினாள்.

“அக்கா, அந்த அம்மா கவுன வாங்கிக்கவே இல்ல,” என்றாள். “மூடிட்டுப் போயிட்டாங்க. அப்புறம் வரவும் இல்ல. நான் என்ன தப்புப் பண்ணேன்? நீங்க முகம் பாத்து விக்கிறவங்க, சொல்லுங்க.”

கையில் இருந்த தட்டைக் கழுவினேன். கழுவிய தட்டையே மறுபடியும் கழுவினேன்.

“அவளுக்குக் கவுன் வேணாம்த்தா,” என்றேன். “அவளும் தைக்கிறவளா இருப்பா. அந்தக் கைய எப்படி நிக்க வச்சன்னு கேக்க வந்திருப்பா. கேக்க வாய் வரல.”

அவள் துடைக்கிற துணியைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

“மதுரைன்னுதான்க்கா காட்டுச்சு,” என்றாள் மெதுவாக. “ஆனா ஞாயித்துக்கெழமை மத்தியானம் மட்டும் அவங்க ஒரு நாளும் வந்ததில்ல.”

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் எங்கே இருப்பேன் என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவள் சமைத்த குழம்புக்கு முன்னால் இருப்பேன்.

“நாளைக்கு மத்தியானம் கடைக்கு வாரேன். வெள்ள நூல் மாட்டி வைங்க,” என்று சொல்லிவிட்டு, என் கையில் இருந்த தட்டை வாங்கித் துடைத்து அடுக்கினாள்.

வந்தாள். ஷட்டரைக் குனிந்து தாண்டி வந்து என் மெஷினில் உட்கார்ந்து கையை உள்வெளியாகத் திருப்பிக் காட்டினாள். பங்குப் பிள்ளைகள் எல்லோருக்கும் என் கடைக் கவுன்தான் போனது, அவளுடைய கையோடு. எப்போது கண்டுபிடித்தாள் என்று மட்டும் இன்றுவரை நான் கேட்கவில்லை. அன்பளிப்புக்கு முன்பே தெரியுமா? செபமாலையில் எனக்காக முழந்தாளிட்டபோதே தெரியுமா? தெரியும் என்று சொல்லிவிட்டால், அந்த நல்ல மனசைப் பார்த்தும் நான் வயிறெரிய வேண்டியிருக்கும்.