பிள்ளை பிடிக்கிறவர் பழைய எண்ணெய் கேட்டார்

ஈப்போவில் கைப்பேசி பழுது பார்க்கும் சின்னக் கடை என்னுடையது. வருகிறவர்களில் பாதிப் பேருடைய போனில் ஒரு கோளாறும் இருக்காது. பிள்ளை எதைப் பார்க்கிறது என்று அம்மாவுக்குத் தெரிய வேண்டும். அம்மாவுக்குத் தெரியாமல் பார்ப்பது எப்படி என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும். இரண்டு பேரும் என்னைத்தான் நம்புகிறார்கள். இந்தத் தகுதியை யாரோ எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். ஒருநாள் ஒரு தமிழ்ப்பள்ளியின் தலைமையாசிரியை அழைத்தார்.

“பிள்ளைங்களுக்குப் போன் பாதுகாப்பு பத்தி ஒரு அரை மணி நேரம் பேசணும்லா. இப்ப உள்ள பிள்ளைங்க எதைப் பார்த்தாலும் அப்படியே நம்பிடுதுங்க.”

ரப்பர்த் தோட்டம் செம்பனையாகி, செம்பனையில் பாதி வீடமைப்புப் பகுதியாகிவிட்ட இடம் அது. பள்ளி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. ஒரு சனிக்கிழமை காலை போனேன். பிள்ளைகள் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பெற்றோர் பின்னால் நாற்காலிகளில், ஆளுக்கொரு போனைத் தடவிக்கொண்டு.

பெரிதாக ஒன்றும் பேசவில்லை. உறுதியாகத் தெரியாததை அடுத்தவருக்கு அனுப்பாதே, ஒருவர் முகத்தைக் கேட்காமல் படமெடுத்துப் போடாதே, பெயர், முகவரி, அடையாள அட்டை எண்ணை யாருக்கும் கொடுக்காதே, பொய்ச் செய்தி பரப்பினால் சட்டப்படி குற்றம். பெற்றோர் பலமாகக் கைதட்டினார்கள். முடிந்ததும் தலைமையாசிரியை எல்லாரையும் நிற்க வைத்துப் படம் எடுத்தார். நான் பசியாறி முடிப்பதற்குள் அது பள்ளியின் முகநூல் பக்கத்தில் ஏறிவிட்டது. சட்டையில் குத்தியிருந்த பெயரை எல்லாம் சுலபமாகப் படிக்க முடிந்தது.

ஐந்தாம் ஆண்டுச் சிறுமி ஒருத்தி என் பக்கத்தில் வந்து நின்றாள். “டீச்சர், படம் எடுக்க எங்ககிட்ட யாரும் கேக்கலையே?” என்றாள். நான் டீச்சர் இல்லை என்றேன்.

நன்றிக்கடனாகவோ என்னவோ, என்னையும் பெற்றோரின் வாட்ஸ்அப் புலனக் குழுவில் சேர்த்துவிட்டார்கள். காலை வணக்கமும் பூங்கொத்தும் விடாமல் வந்து விழ, ஒலியை நிறுத்திவிட்டு என் வேலையைப் பார்த்தேன்.

சில வாரங்கள் கழித்து, ஐம்பதைத் தாண்டிய ஒருவர் கடைக்கு வந்தார். தெலுக் இந்தான்காரர். வீடு வீடாகப் போய், பொரித்து மிஞ்சிய பழைய சமையல் எண்ணெயை விலைக்கு வாங்குகிறவர்.

“தங்கச்சி, இந்த நம்பர மாத்திக் குடுங்க.”

“ஏண்ணே, போன் நல்லாத்தானே இருக்கு?”

அவர் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. எடுத்து என் பக்கம் நீட்டினார். முகம் தெரியாத ஒரு பெண் அவருடைய பரம்பரையையே இழுத்துத் திட்டிக்கொண்டிருந்தாள். “காலையிலேருந்து இதே கதைதாம்மா,” என்றார். “பிள்ளை பிடிக்கிறவனாம் நான்.”

அவருடைய வெள்ளை வேனின் பக்கவாட்டில், வியாபாரத்துக்காக அவரே பெரிதாக எழுதி வைத்த எண் அது. வேனையும், ஒரு வீட்டு வாசலில் சிறுமியிடம் அவர் பேசுவதையும் யாரோ சன்னல் வழியாகப் படமெடுத்துப் பரப்பியிருந்தார்கள். முதல்நாள் மாலை சந்திப்பில் வேனை மறித்து, கதவைத் திறக்கச் சொல்லியிருக்கிறார்கள். உள்ளே எண்ணெய் டின்கள்தான் இருந்தன. அதையும் ஒருவர் காணொளி எடுத்தாராம்.

“அடிச்சாங்களாண்ணே?”

“சட்டையப் பிடிச்சாங்க. ஒருத்தன் டின்ன மோந்து பார்த்துட்டு, எண்ணெதாண்டா மச்சான்னு சொன்னான். அதுக்கப்புறம்தான் விட்டாங்க.” சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அவர் காட்டிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வாசலில் நின்றது, என்னை டீச்சர் என்று கூப்பிட்ட அதே சிறுமி. பெற்றோர் குழுவைத் திறந்தேன். அங்கேதான் எல்லாம் தொடங்கியிருந்தது. ‘பிள்ளை பிடிக்கும் கும்பல், உடனே பகிரவும்.’ கீழே கும்பிடும் கைகள். தலைமையாசிரியையும் பகிர்ந்திருந்தார், ‘உறுதி செய்யப்படவில்லை, இருப்பினும் கவனம்’ என்று ஒரு வரி சேர்த்து.

நடுவில், அம்மாவின் போனிலிருந்து அந்தச் சிறுமி எழுதியிருந்தாள்: ‘அந்த அங்கிள் என்கிட்டதான் கேட்டாரு. அம்மா இருக்காங்களா, பழைய எண்ணெ இருக்கான்னு. இல்லன்னு சொன்னேன். போயிட்டாரு.’

அதற்கு வந்த பதில்கள்: ‘பாவம், பிள்ளை பயந்துபோச்சு.’ ‘மிரட்டி வச்சிருப்பான்லா.’ ‘பெரியவங்க குரூப்புல பிள்ளைக்கு என்ன வேலை?’

கடையைப் பூட்டிவிட்டு அவரைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போனேன். அங்கிருந்த அதிகாரி படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். “இது எனக்கு நேத்தே வந்துச்சு. மனைவி அனுப்பினாங்க,” என்று மலாயில் சொல்லிச் சற்று நெளிந்துவிட்டு, புகாரை எழுதிக்கொண்டார். முதலில் போட்டவர் மட்டுமல்ல, அனுப்பியவர்களும் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்றார்.

அதைத் தலைமையாசிரியையிடம் போனில் சொன்னேன். “ஐயோ, இதைப் பெரிசாக்காதீங்க. பள்ளிக்கூடத்துப் பேரு கெட்டுடும்,” என்றார். கொஞ்ச நேரத்தில் குழுவில் ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்ற வரி வரிசையாக விழ ஆரம்பித்தது. கும்பிட்ட கைகளும் போயின. கடைசியில் சிறுமி எழுதியது மட்டும் நின்றது, யாருமே சொல்லாத குற்றத்துக்கு யாருமே கேட்காத சாட்சியாக.

படமெடுத்தவர் சிறுமியின் எதிர்வீட்டு அம்மா. காவல் நிலையத்துக்கு வந்து கையெடுத்துக் கும்பிட்டார். “மன்னிச்சிருங்கண்ணே, பிள்ளைங்க நல்லதுக்குத்தான் போட்டேன்.”

“சரிம்மா. அது போன எடத்துக்கெல்லாம் இது பொய்னு சொல்லிடுங்க. அது போதும்,” என்றார் எண்ணெய்க்காரர்.

“எங்கெங்க போச்சுன்னு எனக்கு எப்படிண்ணே தெரியும்?”

அந்த அம்மா உண்மையாகத்தான் கேட்டார். எண்ணெய்க்காரர் வழக்கை மேலே கொண்டுபோகவில்லை. வேனில் எண்ணை மாற்றி எழுதிக்கொண்டு, பாகான் டத்தோ பக்கம் போக ஆரம்பித்தார். பிறகொரு நாள் கடைக்கு வந்தபோது, வாசலில் பிள்ளைகள் நின்றால் இப்போதெல்லாம் வேனை விட்டு இறங்குவதே இல்லை என்றார். ஹார்ன் அடித்துவிட்டுக் காத்திருப்பாராம். வியாபாரம் முன்னைப்போல் இல்லையாம்.

அடுத்த மாதம் தலைமையாசிரியை மறுபடியும் கூப்பிட்டார். பெரியவர்களின் குழுக்களில் பிள்ளைகள் நுழையாதிருப்பது பற்றி ஒரு பேச்சு வேண்டுமாம். வருகிறேன், இந்த முறை பெற்றோர் முன்னால் தரையில் உட்காரட்டும், பிள்ளைகள் நாற்காலியில் இருக்கட்டும் என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். இன்னும் யோசிக்கிறார்.

அந்த வாரமே சிறுமியின் அம்மா மகளையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். “அக்கா, என் போன இவ தொறக்க முடியாத மாதிரி ஒரு லாக் போட்டுக் குடுங்க.”

“உங்க பொண்ணு எழுதினது உண்மைதானேம்மா?”

“உண்மைதான் அக்கா. அதுக்காக அத்தனை பேரு முன்னால போய்ச் சொல்லணுமா?”

இரகசிய எண்ணை நீங்களே போடுங்கள் என்று போனை நீட்டினேன். அவர் கையால் திரையை மறைத்துக்கொண்டு, மறந்துவிடக் கூடாதே என்று வாய்க்குள் முணுமுணுத்தபடியே அழுத்தினார். அது மகளின் பிறந்த நாள் என்பது எனக்கே கேட்டது. சிறுமி எதுவும் காதில் விழாதவள்போல் விட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.